இந்துப்பா, லோ சோடியமா, ஊறுகாய் ஜாடியா: உப்பைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

மாமாவுக்கு ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டிய அன்று டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: "உப்பைக் குறைச்சுக்கோங்க." எதில், எவ்வளவு என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவிலேயே யோசனைகள் வர ஆரம்பித்தன. "இந்துப்புக்கு மாத்திருங்க மதினி" என்றாள் நாத்தனார், போனில். தென்காசியில் இருக்கும் என் அண்ணன், லோ சோடியம் உப்பு என்று ஒன்று வருகிறதே, அதை வாங்கு என்றான். அத்தை, "அவுகளுக்கு மட்டும் தனியா ஆக்கிருவோம்" என்று முடித்துவிட்டார். வீட்டுக்காரருக்கு ஊறுகாயும் அப்பளமும்தான் குற்றவாளி. எனக்கோ, எல்லோருக்குமே குறைத்தால் என்ன என்று ஓடியது. ஆக ஐந்து வழி. இந்த இரண்டு வருடத்தில் நாலை எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தாயிற்று. லோ சோடியத்தை மட்டும் அண்ணன் வீட்டில் பார்த்தேன். இதே கேள்வியோடு நிற்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, சமைக்கிறவள்.

முதலில் கணக்கு

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராம். ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம். இந்தியாவில் நாம் சாப்பிடுவது 8 கிராமிலிருந்து 11 கிராம் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன.

இதைப் படித்துவிட்டு, "நம்ம வீட்டுல அவ்வளவெல்லாம் கெடையாது" என்று நானும் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் அத்தை கையால் எடுக்கிற உப்பை டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இன்னமும் மர உப்பு மரவைதான். ஸ்பூன் கிடையாது, ஐந்து விரல்தான் அளவு. நாலு பேருக்கு ஒரு நாளில் போனது இவ்வளவு: இட்லி, தோசை மாவுக்கு 9 கிராம், சட்னிக்கு 4, குழம்புக்கு 13, ரசத்துக்கு 6, பொரியலுக்கு 4, மோருக்கு 2. மொத்தம் 38. தலைக்கு ஒன்பதரை கிராம். ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் இந்தக் கணக்கில் வரவில்லை.

தராசு இல்லாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். நாலு பேர், தலைக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். எங்களுக்கு 26 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. மீனை உரசிக் கழுவுவதற்கும் ஊறுகாய் போடுவதற்கும் எடுக்கிற கல் உப்பைத் தனி டப்பாவில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும். என்னைக் கேட்டால் எந்த வழிக்குப் போனாலும் இந்தத் தேதி எழுதுவதுதான் முதல் வேலை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

இந்துப்பு

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். அதில் இருக்கும் மற்ற தாதுக்கள் ஒரு நிறம் கொடுக்கிற அளவுக்கு உண்டு. சோடியத்தைக் கணிசமாகக் குறைக்கிற அளவுக்கு இல்லை. விலை சாதா உப்பைப் போலப் பல மடங்கு. எங்கள் வீட்டில் ஆறு மாதம் ஓடியது. 'இது நல்ல உப்பு' என்ற தைரியத்தில் எல்லோர் கையும் ஒரு சிட்டிகை கூடுதலாகவே போட்டது. அந்த ஆறு மாதமும் மாமாவின் அழுத்தம் அசையவில்லை.

கல் உப்பைப் பற்றியும் இதே நம்பிக்கை நம் பக்கம் உண்டு. தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது, 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். அதனால் கடல் உப்பு என்றால் நமக்குச் சொந்தக்காரரைப் போல ஒரு பாசம். ஆனால் கல்லோ பொடியோ, கிராமுக்குக் கிராம் ஒரே சோடியம்தான். ஒரு சின்ன வித்தியாசம்: ஸ்பூனால் அளக்கிறவர்களுக்குக் கல் உப்பில் இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூனில் எடை கொஞ்சம் குறைவாக நிற்கும். அதை நம்பி ஒரு கல் கூடப் போட்டால் அதுவும் போயிற்று. எந்த உப்பானாலும் அயோடின் சேர்த்ததா என்று அட்டையைப் பாருங்கள். வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் அயோடின் இல்லாத இந்துப்புக்கு முழுதாக மாறுவது சரியில்லை.

லோ சோடியம் உப்பு

இதில்தான் நிஜமாகவே சரக்கு இருக்கிறது. சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். சோடியம் குறைகிறது, அதோடு பொட்டாசியமும் ரத்த அழுத்தத்தை இறக்க உதவுகிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் ஐந்து வருடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021ல் வந்தது. எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள். முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்ததைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில், வீட்டில் சாதா உப்புக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று, சில நிபந்தனைகளோடு, பரிந்துரை வெளியிட்டது.

அந்த நிபந்தனைகளில்தான் விஷயமே. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது ஆபத்து. பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது சோர்ந்திருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகளிலேயே டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் வகை. ஆக, இந்த உப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களில் பலர்தான் கேட்காமல் வாங்கக் கூடாதவர்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

அண்ணன் வீட்டில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) பொட்டாசியமும் பரிசோதித்து, டாக்டரிடம் கேட்டுத்தான் மாறினார்கள். மிளகு குழம்பிலும் தீயலிலும் வித்தியாசமே தெரியவில்லை. மோரில் தெரிந்தது: நாக்கின் கடைசியில் ஒரு கசப்பு, பித்தளை டம்ளரில் வெகுநேரம் கிடந்த தண்ணீர் மாதிரி. மதினி மோருக்கு மட்டும் உப்பே போடுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் மாமாவுக்கு டெல்மிசார்ட்டன், கிரியாட்டினினும் கொஞ்சம் கூடுதல். டாக்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். அத்தோடு இளநீரையும் தினம் குடிக்காதீர்கள் என்றார். அதற்கும் காரணம் இதே பொட்டாசியம்தான்.

வாங்குகிறவர்கள் அட்டையில் எத்தனை சதவீதம் குறைவு என்று பாருங்கள். 15 சதவீதம் மட்டும் குறைத்ததும் லோ சோடியம் என்ற பெயரில்தான் வருகிறது. அதை வாங்கிக் கை தாராளமாகப் போட்டால் இந்துப்புக் கதைதான்.

தனிச் சமையல்

பதினோரு நாள் நடந்தது. குழம்பு கொதித்ததும் உப்புப் போடுமுன் மாமாவுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைப்பது, ரசத்திலும் அப்படியே. வேலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் எல்லோரும் சொதி ஊற்றிச் சாப்பிடும்போது ஒருவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் வருவது தண்டனை மாதிரிதான் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி அடுக்களையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், நார்த்தங்காய் ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு மாமா நிற்கிறார். விரலில் எண்ணெய்.

"ஏம்மா, ஒரு துண்டுதான் எடுத்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து அத்தை குரல்: "நீ அவுகள ஒண்ணும் சொல்லாத. உப்பில்லாத சோத்த நீயும் நானும் ஒரு வாரம் தின்னு பாப்பமா?"

பகலெல்லாம் பத்தியமாக இருந்துவிட்டு ராத்திரி ஊறுகாயில் ஈடுகட்டினால் கணக்கு எங்கே நிற்கும்? அதுபோக, தனிச் சமையலில் மற்ற மூன்று பேரும் பழைய ஒன்பதரை கிராமிலேயே இருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு 46 வயது, அப்பாவின் உடம்புவாகு. பத்து வருடம் கழித்து அவருக்கும் ஒரு தனிக் கிண்ணம் வைக்க வேண்டியிருக்கும்.

இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் போன்றவர்களுக்கு டாக்டர் கறாராக அளவு சொல்லியிருந்தால், அது வேறு. அங்கே தனிச் சமையலைத் தவிர வழியில்லை. மற்ற வீடுகளில் இது நீடிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

தொடுகறிகளை நிறுத்துவது

வீட்டுக்காரர் சொன்ன வழி. பாதி சரி. மேல்நாடுகளில் சோடியத்தில் பெரும்பங்கு பாக்கெட் உணவிலும் ஓட்டலிலும் இருந்து வருகிறது. இங்கே பெரும்பங்கு நம் அடுக்களை உப்புதான். ஆகவே ஊறுகாயை மட்டும் நிறுத்திவிட்டு 13 கிராம் குழம்பைத் தொடாமல் விட்டால் இலக்குக்கு வர முடியாது. ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. காரணம், ஒரு சின்னத் துண்டைத் தவிர்த்தாலே ஒரு கிராம் போய்விடுகிறது, சோற்றின் ருசி எதுவும் மாறுவதில்லை.

ஊறுகாயில் உப்புதான் கெடாமல் வைக்கிறது; வீட்டு ஊறுகாயில் நூற்றுக்குப் பத்துக்கு மேலேயே உப்பு இருக்கும். பத்துக் கிராம் துண்டு ஒன்றில் ஒரு கிராம் உப்பு. மோர்மிளகாய், சுண்டவத்தல், சீனியவரைக்காய் வத்தல் எல்லாம் உப்பில் ஊறி வெயிலில் சுருங்கியவை. காய் சுருங்குகிறது, உப்பு சுருங்குவதில்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியம்தான். வடை, பஜ்ஜிக்குப் போடுகிற ஆப்ப சோடாவும் அப்படியே: ஒரு டீஸ்பூனில் 1,200 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் இருக்கிறது. மாமா வாயுவுக்கு என்று தண்ணீரில் கலக்கி, நுரை பொங்கக் குடிக்கிற பொடியும் சோடா உப்புதான் என்பது எங்களுக்கு நாலு மாதம் கழித்துத்தான் உறைத்தது. நாக்கில் உப்புக் கரிக்காததால் யாரும் சந்தேகப்படவில்லை.

கருவாடு தனிக்கதை. உப்பில் புதைத்துக் காயவைத்த கருவாட்டில், அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது உப்பு இருக்கும், சிலவற்றில் இரண்டு மடங்கு. வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தரம் அலசினால் ஒரு பகுதி இறங்கும். குழம்புக்குத் தனியாக உப்புப் போடவே கூடாது. உப்புச் சேர்க்காமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்திலியும் சந்தையில் வரும். விற்கிற அக்காவிடம் "உப்புப் போட்டதா, போடாததா?" என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார். நாங்கள் அதற்கு மாறினோம். கருவாட்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பாக்கெட் மிக்சர், காராச்சேவு வாங்கும்போது பின்பக்கத்தில் சோடியம் மில்லிகிராமில் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அட்டையில் 100 கிராமுக்கு என்று எழுதியிருப்பதும் ஒரு வேளைக்கு என்று எழுதியிருப்பதும் வேறு வேறு, அதைக் கவனிக்க வேண்டும். டவுனில் அல்வாவைத் தின்றுவிட்டு, திகட்டாமல் இருக்கக் கொஞ்சம் மிக்சர் கொறிக்கிறது நம் ஊர்ப் பழக்கம். அதை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கால் கிலோ வாங்கிய இடத்தில் நூறு கிராம் வாங்குகிறோம்.

எல்லோருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக

நாங்கள் கடைசியில் வந்து நின்ற இடம். ஒரே நாளில் பாதியாக்கினால் தட்டு அப்படியே திரும்பி வரும், அதையும் அனுபவித்துவிட்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பத்தில் ஒரு பங்கு குறைத்தோம். நாக்கு பழகுவதற்குச் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம்வரை ஆகிறது. அது வெறும் மனப்பழக்கம் இல்லை, குறைந்த உப்பே போதும் என்று ருசி உணர்வே மாறிவிடுகிறது. நாலாவது மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தை வாயில் வைத்ததும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னட்டி இது, கடல் தண்ணி மாதிரி!" பக்கத்து இலைக்காரர்கள் எல்லோரும் ருசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாப் பதார்த்தத்திலும் ஒரே மாதிரி குறைக்கக் கூடாது என்பது செய்து பார்த்துத் தெரிந்தது. புளியும் மிளகும் இருக்கிற இடத்தில் உப்பு குறைந்தது தெரியாது. குழம்பை 13லிருந்து 9க்குக் கொண்டுவந்தது யாருக்கும் தெரியவில்லை. ரசம் 6லிருந்து 4. சொதியில் எலுமிச்சைச் சாறு தாங்கிக்கொள்கிறது, இஞ்சிப் பச்சடி தொட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. காணத்துவையலிலும் எள்ளுத் துவையலிலும் வறுத்த வாசனை ஆளைத் தூக்கிவிடும். உளுந்தஞ்சோற்றுக்கு உப்பே போடாமல் எள்ளுத் துவையலில் மட்டும் போட்டுப் பாருங்கள். ஆனால் அவியலில் கைவைக்கப் போய் நான் தோற்றேன். தேங்காயும் காயும் மட்டுமே இருக்கிற இடத்தில் உப்பு குறைந்தால் அப்படியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாங்காய் போட்ட நாளில் மட்டும் தப்பியது. மாவில் 9ஐ 6 ஆக்கினேன். சட்னி 3, பொரியல் 3. மோருக்கு உப்புக் கிடையாது; கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போடுகிறோம்.

பொரியலுக்கு ஒரு சின்ன வித்தை. காய் வேகும்போது போடுகிற உப்பு உள்ளே போய்விடுகிறது. இறக்குமுன் தேங்காய்ப்பூவோடு தூவினால் மேலேயே நிற்கும், நாக்கில் முதலில் படும், குறைவாகவே போதும்.

இலையில் தனியாக உப்பு வைக்கலாமா என்று ஒரு சண்டை வந்தது. சமையலில் குறைத்துவிட்டு, வேண்டியவர்கள் இலையில் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. எல்லோரும் பழைய அளவுக்கே போய்விடுவார்கள் என்றார் வீட்டுக்காரர். 1987ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சின்ன ஆய்வில், உணவில் குறைத்த சோடியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மேசை உப்பின் வழியாகத் திரும்பி வந்தது. எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். வீட்டுக்காரரே முதல் மாதம் தூவிக்கொண்டார், அப்புறம் மறந்துவிட்டார்.

இப்போது நாளுக்கு 25 கிராம். பாக்கெட் 40 நாள் வருகிறது. 50 இன்னும் ஆகவில்லை. மாமாவின் அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஆனால் மாத்திரையையும் மாற்றினார்கள் என்பதால் முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது. நாளுக்கு 4 கிராம் போல உப்பைக் குறைத்தால், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 5 புள்ளி போல இறங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரையோடு சேர்ந்து நிற்கிற அளவு அது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற அளவு இல்லை.

யார் எதை எடுப்பது

வீட்டில் எல்லோருக்கும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மாத்திரை யாருக்கும் இல்லை, சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் இல்லை என்றால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு லோ சோடியத்துக்குப் போகலாம். கூடவே கையையும் குறைக்க வேண்டும். அதில் ஒன்று இடித்தாலும் கடைசி வழிதான். சமைக்கிறவருக்கு நேரமே இல்லை, ஓட்டல் புரோட்டாவும் சால்னாவும் வாரம் நாலு நாள் என்றால், வீட்டு உப்பை அளந்து பிரயோசனம் இல்லை. சால்னாவை அரைக் கரண்டியாக்குவதிலிருந்து தொடங்குங்கள். தனி ஆளாக இருக்கும் வயதானவர்களுக்குத் தொடுகறியை நிறுத்துவதே போதுமான முதல் படி. அவர்கள் ஒரேயடியாக உப்பில்லாமல் சாப்பிட வேண்டாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குச் சோடியம் மிகவும் இறங்கி, தலை சுற்றி, குழம்பிப் பேசுகிற நிலை வருவதுண்டு. நாள் முழுக்க வெயிலில் வயல் வேலை செய்கிறவர்களும் டாக்டரிடம் கேட்டுத்தான் அளவை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் நார்த்தங்காய் காய்த்துக் கொட்டுகிறது. போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. அத்தை நாலே காய் எடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துவிட்டு, பெரிய பீங்கான் ஜாடியைக் கழுவிக் காயவைத்துப் பரணில் ஏற்றச் சொன்னார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது மாமாதான். ஜாடி உள்ளே போனதும், "இறக்குறதுக்கு நாளு ஏதும் பாத்திருக்கீகளா?" என்று கேட்டார்.